நாட்டுத் தக்காளியின் காம்பைச் சுற்றிப் பச்சை நிறம் ஏன்? (நேயர் சந்தேகத்திற்கு விளக்கம்)

அடுத்த கேள்வியை மார்த்தாண்டத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியிருக்கிறார். வீட்டில் வளர்க்கும் நாட்டுத் தக்காளி நன்றாகப் பழுத்த பிறகும் காம்பைச் சுற்றிப் பச்சையாகவே இருப்பது நோயா என்றும், வடசேரி சந்தையில் வாங்கும் ஹைப்ரிட் தக்காளி ஒரே சிவப்பாக இருந்தும் அதில் இந்த ருசி ஏன் இல்லை என்றும் கேட்கிறார்.

சகோதரி, அது நோய் அல்ல. உங்கள் இரண்டாவது கேள்விக்கான விடையில் ஒரு பகுதியும் அந்தப் பச்சையில்தான் இருக்கிறது. காயின் மேற்பகுதியில் பச்சையம் மிகுந்திருப்பதால், இலைகள் அனுப்பும் சர்க்கரையோடு காயும் தன் பங்குக்குச் சிறிது தயாரித்துக்கொள்கிறது. பார்வைக்கு ஒரே சீராகச் சிவக்கும் ரகங்களைத் தேடித் தேடி விதைக்கு எடுத்தபோது, காயில் பச்சையத்தைப் பெருக்கும் மரபணு செயலிழந்த செடிகளே தேர்வாகிவிட்டன என்பதை 2012-இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பெரியகுளத்தில் அன்னஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 தக்காளியிலும் இந்தப் பச்சையைக் காணலாம்.

சர்க்கரை மட்டுமே ருசி ஆகிவிடாது. ஏறத்தாழ 400 ரகங்களை ஒப்பிட்ட 2017-ஆம் ஆண்டு ஆய்வொன்று, இன்றைய வணிக ரகங்களில் 13 மணப்பொருட்கள் குறைந்துவிட்டதைக் காட்டியது. இரண்டு பழங்களையும் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: லாரிப் பயணத்தைத் தாங்குவதற்கென்றே வளர்க்கப்பட்டதில் சதை தடித்து, விதையைச் சுற்றிய வழவழப்பான கூழ் குறைந்திருக்கும், நாட்டுப் பழத்திலோ கத்தி வைத்தவுடன் அந்தக் கூழ் பலகையில் வழியும். ரசத்தைத் தூக்கி நிறுத்தும் புளிப்பும், குளூட்டமேட் என்ற சுவை கூட்டும் பொருளும் சதையைவிட அந்தக் கூழில்தான் அதிகம், ஆகவே அதை வழித்துக் கொட்டிவிடாதீர்கள். வெறும் புளிப்பைத் தவிர வேறொன்றும் இல்லாத நாட்டு ரகங்களும் உண்டு. நாட்டு ரகம் என்ற ஒரே காரணத்துக்காக அவற்றைப் புகழ வேண்டியதில்லை.

பழத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் மணம் குறைந்துவிடும். வெளியே கூடையில் பரப்பி வைப்பதே நல்லது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்வதால், காய்ந்த மண்ணில் திடீரென மழை இறங்கும்போது மெல்லிய தோலுடைய இந்தப் பழங்கள் வெடித்துவிடும். கார்த்திகையில் நாற்று நட்டால் மழை ஓய்ந்த தை, மாசியில் காய்ப்பு வரும். அப்போதும் மழை மிரட்டினால், நிறம் திரும்பத் தொடங்கிய காய்களைப் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைத்துக்கொள்ளலாம்.