சினைப்பைக் கட்டி: ஸ்கேன் சொல்வது என்ன?

மூணாறு, மறையூர், பீர்மேடு எஸ்டேட் பக்கமிருந்து கேட்கும் நேயர்களுக்கு வணக்கம். நான் ஸ்கேன் பார்க்கும் டாக்டர்.

சினைப்பைப் புற்றுநோய் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களுக்கு வருவது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் கருமுட்டைக்கு மூலமான செல்லில் கிளம்பும் அபூர்வ வகைகள் பள்ளிக்கூடம், காலேஜ் போகும் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். சில வகை, வாரக்கணக்கிலேயே வளர்ந்துவிடும்.

கல்யாணமாகாத பெண்ணுக்கு வயிறு பெருத்தால் எஸ்டேட் லயத்து வீடுகளில் என்ன பேச்சு கிளம்பும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு, இந்தக் கட்டிகளில் சில கர்ப்பகால ஹார்மோனையே சுரக்கும். சிறுநீர் டெஸ்டில் இரண்டு கோடு விழும். பிள்ளையை ஏசுவதற்கு முன்னால் ஸ்கேன் எடுங்கள். (ஏசுவதே தப்பு, அது வேறு விஷயம்.) அந்த அளவு பெருத்த வயிற்றில் குழந்தை இருந்தால் குழந்தை தெரியும், கட்டி இருந்தால் கட்டி தெரியும். தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு வந்தால் போதும். வயிற்றின் மேலேயே கருவியை வைத்துப் பார்த்துவிடலாம்.

கட்டி என்றதும் ஒடிந்துபோக வேண்டாம். இளவயதில் அதிகம் பார்ப்பது டெர்மாய்டு. உள்ளே கொழுப்பு, முடி, சில சமயம் பல்கூட இருக்கும். பெரும்பாலும் சாதுவான கட்டி. சி.டி. ஸ்கேனில் கொழுப்பு கறுப்பாகப் பளிச்சென்று தெரியும். அதே கொழுப்பு துணுக்குத் துணுக்காகச் சிதறி, சுற்றிலும் திடமான சதை நிறைய இருந்தால் எங்களுக்குச் சந்தேகம் வரும். அப்போது எம்.ஆர்.ஐ.யும், ஏ.எஃப்.பி., எல்.டி.எச். போன்ற ரத்தப் பரிசோதனைகளும் கேட்போம்.

மாதவிடாய் நின்ற அம்மாக்களுக்கு மறுபடி ரத்தம் பட்டால் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் பார்க்க வேண்டும். கிரானுலோசா என்ற அபூர்வக் கட்டி ஈஸ்ட்ரோஜன் சுரந்து கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கும். ஸ்கேனில் அது தேனடை மாதிரி, அறை அறையாக, உள்ளே ரத்தம் தேங்கித் தெரியும்.

ஸ்கேனை வைத்து இன்ன புற்றுநோய் என்று அடித்துச் சொல்ல முடியாது. வெட்டியெடுத்த சதையைச் சோதித்தால்தான் உறுதி. அதற்காக, சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும் கட்டியில் அவசரப்பட்டு ஊசி குத்தக் கூடாது. கட்டி உடைந்து உள்ளே சிந்தினால், முதல் நிலைக்குள்ளேயே நோய் ஒரு படி கூடிவிடும். அப்படியே முழுசாக எடுத்தால், பல பெண்களுக்கு மறு சினைப்பையையும் கர்ப்பப்பையையும் காப்பாற்றி, பின்னால் குழந்தை பெறவும் வழி வைக்கலாம்.

தேனி க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்குப் போனாலும் சரி, கோட்டயம் மெடிக்கல் காலேஜுக்குப் போனாலும் சரி, ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டு போகாதீர்கள். ஸ்கேன் ஃபிலிமும், படங்களைப் பதிந்து தரும் வட்டத் தட்டும் கையில் இருக்கட்டும். பழைய ஸ்கேன் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.