மருத்துவரின் வகுப்புக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

அவைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, நாளை மருத்துவர்களாகப் போகிற மாணவ மாணவியரே, வணக்கம்.

மருத்துவக் கல்வியில் வணிகம் என்று தலைப்பு கொடுத்தால் நம் ஊரில் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நன்கொடைதான். எந்தக் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டு இடம் என்ன விலைக்குப் போகிறது என்ற பேச்சு, நீட் முடிவு வருகிற நாள்களில் தேநீர்க் கடை வரைக்கும் வந்துவிடுகிறது. நன்கொடை வாங்குவது அரசியலமைப்பின் சமத்துவத்துக்கு முரணானது என்று மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1992-இல். அதே ஆண்டு தமிழ்நாட்டிலும் நன்கொடைத் தடைச் சட்டம் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பேச்சு ஓயவில்லை. அதை நான் இன்று மறுபடியும் கிளறப் போவதில்லை. அரசுக் கல்லூரியில் சொற்பக் கட்டணத்தில் படித்து வந்தவரையும் விட்டுவைக்காத இன்னொரு வணிகம் இருக்கிறது. பட்டம் வாங்கிய பிறகு மருத்துவருக்குப் பாடம் நடத்துவது யார், அந்த வகுப்புக்குப் பணம் கட்டுவது யார் என்பதே என் கேள்வி.

இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த நெறிமுறைகளின்படி, ஒரு மருத்துவர் ஐந்தாண்டுகளில் 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும். நல்ல விதிதான், இருபத்து மூன்று வயதில் படித்ததை வைத்துக்கொண்டு அறுபது வயது வரை ஒருவர் மருந்து எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அந்த 30 மணி நேரத்துக்கான செலவை யார் ஏற்பது என்பதை அந்த விதி சொல்லவில்லை. அரசு அந்தச் செலவை முழுதாக ஏற்கவில்லை, மருத்துவர்களும் கைக்காசைப் போடப் பழகவில்லை. அந்தக் காலியிடத்தில் மருந்து நிறுவனம் வந்து உட்கார்ந்தது.

சி.எம்.இ. எனப்படும் இந்தத் தொடர் கல்விக் கூட்டம் எப்படி நடக்கிறது என்பது இங்கே முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்காகச் சொல்கிறேன். நட்சத்திர ஓட்டலில் அரங்கு, வாசலில் மாத்திரையின் பெயர் எழுதிய பதாகை, பதிவு மேசையில் பையும் பேனாவும், நீரிழிவைப் பற்றி ஒரு மணி நேர உரை, அதன் பின் இரவு உணவு. உரையாற்றுபவர் பெரும்பாலும் நல்ல மருத்துவராகவே இருப்பார், பொய் எதுவும் சொல்ல மாட்டார். அவர் திரையில் காட்டும் ஆய்வுகள் எல்லாம் அச்சில் வந்தவையே. ஆகவே இதில் என்ன தவறு என்று கேட்பவர்கள் உண்டு. தவறு, அங்கே ஒருபோதும் பேசப்படாதவற்றில் இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டியவர் தினமும் விழுங்கும் ஒன்பது மாத்திரைகளில் எவற்றை நிறுத்தலாம் என்ற உரைக்கு எந்த நிறுவனம் அரங்கு பிடித்துத் தரும்? வயிற்றுப்போக்குக் குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பதைப் பற்றியும், சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதாமல் தாயைச் சமாதானப்படுத்தி அனுப்பும் முறையைப் பற்றியும் பேச எவர் விருந்து வைப்பார்? பாடத்திட்டத்தை யாரும் திருத்தி எழுதுவதில்லை. விற்கக்கூடிய பகுதி மட்டும் திரும்பத் திரும்ப நடத்தப்படுகிறது, மற்றது தானாக மறந்துபோகிறது.

இப்படிப்பட்ட பாடம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவே சான்று. அந்நாட்டில் ஒரு காலத்தில், மாணவர் கட்டணத்தை ஆசிரியர்களே பங்கு போட்டுக்கொள்ளும் மருத்துவப் பள்ளிகள் மலிந்திருந்தன. ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னர் என்ற கல்வியாளர் (அவர் மருத்துவர் அல்லர்) அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 பள்ளிகளை ஆராய்ந்து 1910-இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு அவற்றில் பல மூடப்பட்டன. கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த ஏழு பள்ளிகளில் ஐந்து அந்த அலையில் அழிந்துபோனதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. எப்படியோ, முன்வாசலில் இருந்த கடையை அந்த நாடு அப்போதே பெருமளவு அப்புறப்படுத்திவிட்டது. வணிகம் பிறகு பின்வாசல் வழியாக வந்தது.

1980 ஜனவரியில் புகழ்பெற்ற நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு வாசகர் கடிதம் வந்தது. மொத்தமே ஐந்து வாக்கியங்கள். அபின் வகை வலிநிவாரணி கொடுக்கப்பட்ட 11,882 மருத்துவமனை உள்நோயாளிகளில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதிருந்து இப்போது அடிமையானவர் நால்வர் மட்டுமே என்றது அந்தக் கடிதம். மருத்துவமனைப் படுக்கையில், செவிலியர் கண்ணெதிரே மருந்து பெற்றவர்களின் கணக்கு அது. மாதக்கணக்கில் வீட்டில் வைத்து விழுங்குபவர்களைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. பர்டியூ ஃபார்மா நிறுவனம் 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை வலிநிவாரணி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, அடிமையாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்பதே அதன் விற்பனைப் பேச்சாக இருந்தது. 1996 முதல் 2001 வரை நாற்பதுக்கும் மேற்பட்ட வலி மேலாண்மை மாநாடுகளை அந்த நிறுவனம் நடத்தியது. ஐயாயிரத்துக்கும் அதிகமான மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் செவிலியர்களும் உல்லாச விடுதிகளில் எல்லாச் செலவும் இலவசமாகத் தங்கிப் பாடம் கேட்டார்கள். 2007-இல் நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. அந்தக் கடிதத்தை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று 2017-இல் கணக்கெடுத்தபோது, 608 முறை என்று தெரிந்தது. அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு, அடிமைப் பழக்கம் அரிது என்பதற்கே அதைச் சான்றாகக் காட்டியிருந்தன. மூலத்தைத் திறந்து படிக்க எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்?

நாம் மட்டும் தூய்மையானவர்கள் என்று நினைக்க வேண்டாம். சென்னையைச் சேர்ந்த ஏபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம், தன் ஜிங்கோவிட் சத்து மாத்திரையை மருத்துவர்களிடம் பரப்புவதற்காக அவர்களுக்குக் கொடுத்த அன்பளிப்புகளுக்கான ஏறத்தாழ 4.72 கோடி ரூபாயைத் தொழில் செலவாகக் காட்டி வருமான வரிச் சலுகை கேட்டது. மருத்துவர்கள் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் விதித்த தடை மருத்துவர்களைத்தான் கட்டுப்படுத்தும், எங்களை அல்ல என்பது அதன் வாதம். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. அன்பளிப்பின் செலவு மருந்தின் விலையில் ஏறி, கடைசியில் நோயாளியின் தலையில் விடிகிறது என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். தங்கக் காசும் குளிர்சாதனப் பெட்டியும் கொடுத்தால் லஞ்சம் என்று நீதிமன்றத்தால் சொல்லிவிட முடிகிறது. ஒரு மணி நேர உரைக்கும் அதற்குப் பின் வரும் பிரியாணிக்கும் அப்படி எளிதாகப் பெயர் வைக்க முடியாது.

அந்தப் பிரியாணியும் அற்பமல்ல. இருபது டாலருக்கும் குறைவான ஒரே ஒரு வேளை உணவை நிறுவனத்திடம் உண்ட மருத்துவர்கள்கூட, அந்த நிறுவனத்தின் மருந்தைக் கூடுதலாக எழுதினார்கள் என்று அமெரிக்காவில் 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உணவுதான் காரணம் என்று அந்த ஆய்வால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, தொடர்பு இருக்கிறது என்பது மட்டும் உறுதி. ‘ஒரு சாப்பாட்டுக்கா நான் விலை போவேன்’ என்று கோபித்துக்கொள்ளும் நண்பர்கள் எனக்கும் உண்டு. அவர்களுடைய நேர்மையை நான் ஐயுறவில்லை. அந்தச் சாப்பாட்டுக்கு ஆண்டுதோறும் செலவு செய்கிற நிறுவனத்துக்குக் கணக்குத் தெரியாது என்று மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2-ஆம் நாள் வெளியிட்ட ஒழுங்குமுறை, மருந்து நிறுவனங்கள் நேரடியாகவோ மறைமுகமாகவோ பணம் தரும் கருத்தரங்குகளில் மருத்துவர்கள் பங்கேற்கக் கூடாது என்றது. எதிர்ப்பு கிளம்பியது, ஆகஸ்ட் 23-ஆம் நாள் அந்த ஒழுங்குமுறை முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டது. எதிர்த்தவர்களின் எல்லா வாதங்களும் எனக்கு ஏற்புடையவை அல்ல. ஆனாலும் 30 மணி நேரத்தைக் கட்டாயமாக்கிவிட்டு, அதற்கு வருகிற பணத்தை மாற்று வழி இல்லாமல் அடைத்தால் கூட்டத்தை எப்படி நடத்துவது என்ற கேள்வியில் நியாயம் இருந்தது. அதற்கு விடை தேடாமல், 2024 மார்ச்சில் மத்திய அரசின் மருந்துத் துறை வேறொரு நெறிமுறையைக் கொண்டுவந்தது. மருத்துவர்களுக்கு வெளிநாட்டில் கூட்டம் நடத்தக் கூடாது என்றது அது. உள்நாட்டிலோ, கல்லூரிகளோடும் சங்கங்களோடும் சேர்த்து மருந்து நிறுவனங்களும் தொடர் கல்வி நடத்தலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அமெரிக்காவில் எந்த நிறுவனம் எந்த மருத்துவருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதை 2014 முதல் நோயாளியே இணையத்தில் பெயரைத் தட்டிப் பார்க்க முடிகிறது. இங்கே அப்படி ஒரு பொதுப் பதிவேடு இல்லை.

கல்லூரி முதல்வர் அவர்கள் இந்த மேடையில் இருப்பதால் ஒரு கணக்கைச் சொல்லி என் உரையை முடித்துக்கொள்கிறேன். ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் என்றால் ஆண்டுக்கு ஆறு மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இந்த அரங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியே கிடக்கிறது. ஒலிபெருக்கி இருக்கிறது, திரை இருக்கிறது, மருந்தியல் துறையிலும் பொது மருத்துவத் துறையிலும் பாடம் நடத்தத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். மாவட்டத்து மருத்துவர்கள் தலைக்கு ஐந்நூறு ரூபாய் கட்டி வரட்டும், மதியச் சாப்பாட்டைக் கேன்டீனில் காசு கொடுத்துச் சாப்பிடட்டும். முதல் கூட்டத்தின் தலைப்பை நானே தருகிறேன்: முதியவர்களுக்கு எந்த மாத்திரையை எப்போது நிறுத்தலாம். அந்த உரையை நிகழ்த்த நான் வருகிறேன், பயணப்படி வேண்டாம்.