பிந்தி வருகிறவருக்கும் ஓர் இலை

வணக்கம் நேயர்களே. ‘திருச்சபை எதற்காக?’ என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். பெரிய தலைப்புதான். நான் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து தொடங்குகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் கிராமங்களில் ‘அசனம்’ என்று ஒன்று உண்டு. கோயில் பண்டிகை முடிந்ததும் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். வீட்டுக்கு வீடு அரிசி சேரும், யாராவது நேர்ந்துவிட்ட ஆடு வரும். வடித்த சோற்றைப் பாயில் மலைபோலக் குவித்து, ஆவி பறக்கப் பறக்க ஓலைப்பெட்டியில் அள்ளிக் கொண்டுவருவார்கள். சிறுவயதில் எனக்கு ஆராதனையைவிட அந்தப் பெட்டி வரும் திசைமீதுதான் கண். பாதிரியார் மன்னிக்கட்டும்.

‘கோயிலுக்குப் போகிறேன்’ என்றால் நமக்குக் கட்டடம்தான் மனதில் வரும். புதிய ஏற்பாட்டில் சபை என்று வருகிற கிரேக்கச் சொல் ‘எக்லேசியா’. கட்டடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஊர்ப் பொதுக் காரியம் பேசக் குடிமக்களை அழைத்துக் கூட்டும் கூட்டத்துக்குக் கிரேக்க நகரங்களில் அதுதான் பெயர். அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரத்தில் எபேசு நகரத்து அரங்கில் கூச்சல் போட்ட கூட்டத்துக்கும் இதே சொல்தான். அதில் பெரும்பாலோருக்கு எதற்காகக் கூடினோம் என்றே தெரியாதாம். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு அந்த வசனம் நினைவுக்கு வரும்.

ஆரம்ப நாட்களில் சபை கூடியது வீடுகளில். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியின் வீட்டில் கூடும் சபைக்கு, அப்போஸ்தலர் பவுல் தம் கடிதத்தில் வாழ்த்து எழுதுகிறார். கூடினால் சாப்பாடும் உண்டு. வம்பும் அங்கேதான் வந்தது. கொரிந்து என்ற கிரேக்க நகரத்துச் சபையில் வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், இன்னொருவன் வெறித்திருக்கிறான் என்று பவுல் கடிந்துகொள்கிறார். இது கர்த்தருடைய பந்தியே அல்ல என்கிறார். கடைசியில் அவர் சொல்லும் வழி என்ன தெரியுமா? ‘ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்.’ அவ்வளவுதான். சபை எதற்கு என்று யாராவது என்னைக் கேட்டால் நான் முதலில் திறந்து காட்டுவது இந்த இடத்தைத்தான்.

காத்திருக்க மறுத்தால் என்ன ஆகும்? திருநெல்வேலிப் பக்கத்து வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தின் கதை அதைச் சொல்லும். 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டபோது பீடம் ஒன்று, அதை நோக்கி மண்டபம் இரண்டு. மேலிருந்து பார்த்தால் கால்சட்டை மாதிரி. ஒரு சாதிக்காரர் இந்தக் காலில், மற்றவர் அந்தக் காலில், நடுவே சுவர். எல்லாரும் ஒரே நற்கருணை அப்பத்தைத்தான் வாங்கினார்கள், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டியதில்லை! 1910-இல் சுவரை இடித்தார்கள். பிரிந்து உட்காருவது எங்கள் உரிமை என்று ஒரு தரப்பு வழக்குப் போட்டு, சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றது.

கத்தோலிக்கக் கோயில் கதைதானே என்று எங்கள் புராட்டஸ்டண்டு பக்கத்தார் சிரிக்கவேண்டாம். எங்களிடம் செங்கல் சுவர் இல்லை, சரி. கல்லறைத் தோட்டத்திலும் கல்யாணப் பேச்சிலும் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாதா?

அப்புறம் இன்னொன்று. சுமார் 150-ஆம் ஆண்டில் ரோமில் இருந்த யுஸ்தீன் என்பவர், ஞாயிறு கூட்டம் எப்படி நடக்கும் என்று எழுதிவைத்திருக்கிறார். வாசிப்பு, போதனை, ஜெபம், அப்பமும் திராட்சரசமும். முடிந்ததும், வர முடியாதவர்களுக்கு அவர்கள் பங்கை உதவிக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சேர்ந்த காணிக்கை விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகும்.

இதை முதன்முதலாக வாசித்தபோது எனக்கு ரோம் நகரம் தெரியவில்லை. எங்கள் வீட்டுத் தூக்குவாளிதான் தெரிந்தது. அசனத்தன்று கடைசிப் பந்தி எழுந்ததும் அம்மா அதில் சோறும் கறியும் வாங்கி என் கையில் கொடுப்பார். தெருக்கோடியில் படுக்கையாகக் கிடந்த ஒரு பாட்டிக்கு. விளையாட்டை விட்டுவிட்டுப் போகவேண்டுமே என்று முணுமுணுத்துக்கொண்டேதான் போவேன். பாட்டி மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு முதலில் கேட்பது, “எல்லாரும் சாப்பிட்டாச்சா லே?”