எட்டுப் பத்து பஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு யாராவது என்னைத் தேடி எங்கள் வீட்டுக்குப் போன் செய்தால் என் கணவர் எடுத்து, "அவ பஸ்ல இருக்கா, ஒன்பது மணிக்கு மேல கூப்பிடுங்க" என்பார். அந்நேரம் நான் அவரிடமிருந்து பத்தடி தள்ளி, வாசல் நாற்காலியில் உட்கார்ந்து பழைய புடவையில் போர்வை தைத்துக்கொண்டிருப்பேன். பச்சைப் பொய்தான். எனக்கு இங்கே கொடுத்திருக்கும் தலைப்பு 'ஓய்வும் கைவேலையும்'. அந்தப் பொய் எப்படி வந்தது என்று சொன்னால் தலைப்புக்கும் பதில் வந்துவிடும்.

நான் அஞ்சல் அலுவலகத்தில் 36 வருடம் வேலை பார்த்தேன். திருமங்கலத்தில் வீடு, மதுரையில் வேலை. எட்டுப் பத்துக்குப் பஸ். கிளம்பும் இடத்திலேயே ஏறுவதால் ஜன்னலோரம் கிடைத்துவிடும். இறங்க நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில்தான் தைப்பேன். பஸ் குலுங்கினால் விரலில் குத்தும். குத்தட்டும் என்று விட்டுவிடுவேன். சாயங்காலம் கூட்டத்தில் நிற்கவே இடமிருக்காது, அதைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

கில்ட் என்று கடையில் விற்கிறார்களே, பஞ்சு வைத்துத் தடிமனாக, அது நம்ம ஊர் வெக்கைக்கு ஆகாது. நான் தைப்பது என் அம்மா தைத்த பழம்புடவைப் போர்வை. ஒரு நூல் புடவை ஐந்தரை மீட்டர் இருக்கும். அதை மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், நாற்பத்தைந்து அங்குல அகலம். ஓர் ஆள் படுக்கலாம். மூன்று மடிப்பும் நகராமல் பாயில் விரித்து, பெரிய பெரிய தையலாகப் போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். கிழிந்த இடத்தில் வேறு புடவைத் துண்டை ஒட்டுப்போடலாம். பிறகு அகலவாக்கில் அரை அங்குலத்துக்கு ஒரு வரியாக ஓட்டுத்தையல். வங்காளத்தில் இதே வேலையைக் காந்தா என்கிறார்கள். அவர்கள் அதிலேயே மீனும் தாமரையும் வரைந்துவிடுவார்கள். எனக்கு நேர்கோடு வந்தாலே பெரிது.

அரை அங்குலத்துக்கு ஒன்று என்றால் ஆறடிக்கு 144 வரி. ஒரு வரிக்கு எனக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கும். மொத்தம் 29 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஒரு நாளைக்கு இரண்டு வரி தேறும். வருடத்துக்கு மூன்று போர்வை தைத்தேன். வேலையில் இருந்தபோது தைத்த கணக்கு இது, கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் ஸ்டாம்பு சேர்க்கும் நண்பர் ஒருவர் இருந்தார். ஒருநாள் என் பையைப் பார்த்துவிட்டு அமெரிக்க ஸ்டாம்புகள் சிலவற்றைக் கொண்டுவந்து காட்டினார். 2006இல் அந்த நாட்டு அஞ்சல் துறை வெளியிட்டவை, மொத்தம் பத்து. பத்திலும் ஒட்டுப்போர்வைகள்தான். அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு ஊர், ஆற்று வளைவுக்குள் இருப்பது. அங்கே பருத்திக்காட்டில் வேலை பார்த்த கறுப்பினப் பெண்கள், நைந்துபோன வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வைகள் அவை. 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகச் சுவரில் ஓவியம் மாதிரி மாட்டி வைத்தார்களாம். முழங்கால் தேய்ந்த கால்சட்டைத் துணி, அந்தத் தேய்மானம் தெரிகிற மாதிரியே! நான் 36 வருடம் ஸ்டாம்பு விற்றிருக்கிறேன், ஒரு ஸ்டாம்பை அவ்வளவு நேரம் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதைப் பார்த்த பிறகு ஆசை பெரிதாகிவிட்டது. ஓய்வு பெற்றதும் இரட்டைக் கட்டிலுக்கு ஒன்று, முழுக்க ஒட்டுத்துணியில் தைத்துவிடுவது என்று டிரங்குப் பெட்டியில் துணி சேர்த்தேன். அம்மாவின் சுங்குடி, தங்கையின் வாயில் புடவை, தையல்காரர் கொடுத்த வெட்டுத்துணி என்று பெட்டி மூடவில்லை. அறுபது வயது எப்போது வரும் என்று காத்திருந்த ஆள் எங்கள் அலுவலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன்.

அறுபதும் வந்தது. அடுத்த பதினான்கு மாதம் ஒரு வரி தைக்கவில்லை.

முதல் தப்பு என்னுடையது. பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த அம்மாவை, "இனி நானே பாத்துக்கறேன்" என்று நிறுத்தினேன். அப்புறம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. கரண்ட் பில், ரேஷன் கடை, மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, கேஸ் சிலிண்டர் வரும்போது வீட்டில் ஆள் இருப்பது, மகள் ஊரிலிருந்து வந்தால் குழந்தை. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே வாசகம்: "நீ வீட்லதானே இருக்க?" யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஊசியைக் கையில் எடுத்தால் "சும்மாதான் உக்காந்திருக்கா" என்று நினைத்து ஏதாவது கேட்பார்கள். நானும் எழுந்து போவேன்.

நம் நாட்டில் யார் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று அரசே கணக்கெடுக்கிறது. 2024இல் எடுத்த கணக்கின்படி, தங்கள் வீட்டு வேலையைக் கூலியில்லாமல் செய்கிற பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செய்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அதற்கு முன்னால் 2019இல் எடுத்தபோது பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்து வருடத்தில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. அதை ஆண்கள் வாங்கிக்கொண்டார்கள் என்று சந்தோஷப்பட வேண்டாம், அவர்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டார்கள். நான் இதை என் கணக்கில் போட்டுப் பார்த்தேன். 289 நிமிடம் என்றால் 24 வரி. ஆறே நாளில் ஒரு முழுப் போர்வை.

புறநானூற்றில் 82ஆவது பாட்டு ஒன்று உண்டு. சாத்தந்தையார் பாடியது. மற்போரில் சோழ அரசன் காட்டிய வேகத்தைச் சொல்ல வந்தவர், கட்டில் பின்னுகிற ஒரு தொழிலாளியைக் காட்டுகிறார். ஊரிலே திருவிழா. வீட்டிலே மனைவிக்குப் பிரசவ நேரம். மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. கையில் இருக்கிற கட்டிலைப் பின்னி முடித்தாக வேண்டும். அவன் கை ஊசி எப்படிப் பறக்குமோ அப்படி இருந்ததாம் அரசன் போர். பள்ளிக்கூடத்தில் படித்தபோது வேகம் மட்டும்தான் புரிந்தது. இப்போது படித்தால் அந்த ஆளுக்கு எத்தனை பக்கம் இழுப்பு என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன், அவன் தைத்தது கூலிக்கு. "வேலையா இருக்கேன்" என்று அவனால் சொல்ல முடியும்.

பதினான்கு மாதம் கழித்து, பாச்சை உருண்டை மாற்றலாம் என்று பெட்டியைத் திறந்தேன். மேலேயே பாதி தைத்த போர்வை, சுருட்டினபடி கிடந்தது. பிரித்தேன். ஊசி குத்தினபடியே இருந்தது, துருப்பிடித்து, துணியில் எள்ளளவு செம்புள்ளி வைத்திருந்தது. எதுவரை தைத்தேன் என்று தெரிய, மடிப்பில் பஸ் டிக்கெட்டைச் செருகிவைப்பது என் வழக்கம். டிக்கெட்டில் தேதி மங்கலாகத் தெரிந்தது. நான் கடைசியாக வேலைக்குப் போன நாள்.

அப்போதுதான் உறைத்தது. நான் விட்டது வேலையை மட்டும் அல்ல, பஸ்ஸையும் விட்டுவிட்டேன். பஸ்ஸில் இருந்தவரை யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. குக்கர் சத்தம் கேட்காது, காலிங்பெல் கேட்காது. கேட்டாலும் போக முடியாது.

மறுநாள் எட்டுப் பத்துக்கு ஹேண்ட்பேக்கை மாட்டிக்கொண்டு வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். "எங்க கிளம்பிட்ட?" என்றார் கணவர். "பஸ் ஏறிட்டேங்க, எட்டு ஐம்பதுக்குத்தான் இறங்குவேன்" என்றேன். சிரித்தார். ஐந்து நிமிடத்தில், "சாம்பார் பொடி எங்க இருக்கு?" என்று உள்ளிருந்து குரல். நான் திரும்பவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. பொடி இரண்டாவது தட்டில் எவர்சில்வர் டப்பாவில் இருக்கிறது, வாய் வரை வந்துவிட்டது. அவரே கண்டுபிடித்தார். முதல் வாரம் மாமியார், "டிரைவர்கிட்டச் சொல்லி ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லேன், என் காப்பி ஆறிப்போச்சு" என்றார். நிறுத்தினேன். எண்பத்தாறு வயசு ஆளுக்காகப் பஸ்ஸை நிறுத்தலாம். மற்றவர்களுக்கு இல்லை. பாத்திரம் தேய்க்கும் அம்மாவையும் திரும்ப வரச்சொல்லிக் கேட்டுக்கொண்டேன். வேறு வீடு பிடித்துவிட்டதால் ஒரு மாதம் கழித்துத்தான் வந்தார், கூலியும் கூட்டித்தான் கேட்டார். கொடுத்தேன்.

இப்போது குலுங்காத பஸ், அதனால் மூன்று வரி வருகிறது. முதல் நாள் ராத்திரியே ஐந்தாறு ஊசியில் நூல் கோர்த்து வைத்துக்கொள்கிறேன், கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் காலை வெளிச்சத்தில் ஊசிக்காது சண்டித்தனம் பண்ணும். கோர்த்ததை எல்லாம், உதிர்ந்த தலைமுடி அடைத்த சின்னத் திண்டில் குத்திவைப்பேன். முடியில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு துரு ஏறவிடாது. அம்மா சொன்னது. அன்றைக்கு அதைக் கேட்டிருந்தால் அந்தச் செம்புள்ளி வந்திருக்காது.

இரட்டைக் கட்டில் போர்வை? அதை விரிக்க இடம் இல்லாமல் முதலில் திண்டாடினேன். பிறகு கர்நாடகத்தில், உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கிற கவந்தி போர்வை பற்றித் தெரிந்துகொண்டேன். ஆப்பிரிக்க வம்சாவளியினர் அவர்கள். ஓரத்தில் ஆரம்பித்து, துணித்துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்து, சுற்றிச்சுற்றித் தைத்து நடுவில் கொண்டுபோய் முடிப்பார்கள். வெட்டுமேசை வேண்டாம், முன்கூட்டி வரைபடம் வேண்டாம், தரையில் உட்கார்ந்து எங்கே விட்டோமோ அங்கே தொடரலாம். நாலு மூலையிலும் துணியில் பூ மாதிரி மடித்து வைத்துவிட வேண்டும், அது இல்லாவிட்டால் போர்வை மூளியாம். நானும் அந்த முறையில்தான் போய்க்கொண்டிருக்கிறேன். இரண்டு சுற்று முடிந்தது.

அதில் ஒரு கோளாறும் பண்ணினேன். அம்மாவின் சிவப்புச் சுங்குடி எத்தனையோ தடவை துவைத்ததுதானே என்று, நனைத்துப் பார்க்காமல் வெள்ளை வேட்டிமேல் வைத்துத் தைத்துவிட்டேன். தையல் கடைத் துண்டுகளும் பக்கத்திலேயே இருந்தன. அழுக்கான மூலையை ஒருநாள் அலசினேன். சுங்குடி சமத்தாக இருந்தது. புதுத்துண்டு ஒன்று நீலமாக ஒழுகிவிட்டது. அதனால் சொல்கிறேன், எதுவானாலும் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்துவிட்டுத் தையுங்கள். பனியன் துணியைச் சேர்க்கவே வேண்டாம், அது இழுபட்டு வரியைக் கோணலாக்கும்.

இன்றைக்கு இந்த நிலையத்துக்கு வர நிஜமாகவே பஸ் ஏறினேன், அதே எட்டுப் பத்து. கண்டக்டர் புது ஆள். ஜன்னலோரம் கிடைத்தது. பையில் துணி இருந்தது. திருப்பரங்குன்றம் வரும்போது நூல் தீர்ந்துவிட்டது, பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண்ணிடம் ஊசியை நீட்டினேன். காதிலிருந்து இயர்போனை எடுத்துவிட்டு, ஒரே தடவையில் கோர்த்துக் கொடுத்தது. "எதுக்கு ஆண்ட்டி பஸ்ல தைக்கிறீங்க, வீட்ல டைம் இல்லையா?" என்று கேட்டது.

பதில் சொல்வதற்குள் அதன் ஸ்டாப் வந்துவிட்டது. வணக்கம்.