24 ரயில் கம்பெனிகள் சேர்ந்து நடத்திய சங்கம்

வணக்கம் நண்பர்களே. சங்கம் என்றாலே நமக்குத் தொழிலாளர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். இன்று முதலாளிகள் வைத்திருந்த ஒரு சங்கத்தைப் பற்றிப் பேசலாம்.

1886-இல் சிகாகோவில் ரயில் கம்பெனிகளின் பொது மேலாளர்கள் கூடி அதை ஆரம்பித்தார்கள். 1894-இல் அதில் 24 கம்பெனிகள் இருந்தன. அவற்றில் வேலை பார்த்தவர்கள் மட்டும் சுமார் 2,21,000 பேர். பயணிகளுக்கும் சரக்குக்கும் ஒன்றோடொன்று மோதிய கம்பெனிகள்தான், ஆனால் கூலி என்று வந்தால் எல்லோரும் ஒரே பக்கம்.

1893-94-இல் புல்மேன் கம்பெனி, படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டிகள் செய்கிற கம்பெனி, கூலியைக் குறைத்தது. தொழிலாளர்கள் குடியிருந்ததும் கம்பெனி வீட்டில்தான். வாடகை ஒரு காசு குறையவில்லை. வாடகைப் பிடித்தம் போக ஒருவர் கையில் வந்த சம்பளச் சீட்டில் இருந்த தொகை 2 சென்ட். அதை அவர் காசாக மாற்றாமலே வைத்துக்கொண்டார். எனக்கு இந்த ஒரு சீட்டு போதும், 1894 மே மாதம் அவர்கள் ஏன் வேலையை நிறுத்தினார்கள் என்று புரிய.

ஜூன் 26 முதல் யூஜின் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்க ரயில்வே தொழிற்சங்கம், புல்மேன் பெட்டி மாட்டிய வண்டிகளைத் தொடமாட்டோம் என்றது. இத்தனைக்கும் புல்மேன் அந்த மேலாளர்கள் சங்கத்தில் உறுப்பினரே இல்லை. ஆனாலும் 24 கம்பெனிகளும் சேர்ந்தே களத்தில் இறங்கின. ஜான் ஈகன் என்பவரைப் பொறுப்பாளராக்கி, வெளியூர்களிலிருந்து மாற்று ஆட்களை வரவழைத்தார்கள். புல்மேன் இல்லாமல் தபால் வண்டியை ஓட்டித் தருகிறோம் என்று தொழிலாளர்கள் சொன்னபோதும், புல்மேனோடுதான் ஓடும் என்று பிடிவாதமாக நின்றார்கள். வண்டி நின்றதும் 'தபால் தடைபட்டது' என்று வழக்கு.

அரசின் தலைமை வழக்கறிஞர் ரிச்சர்ட் ஓல்னி, நீண்டகாலம் ரயில் கம்பெனிகளுக்கு வாதாடியவர். ஜூலை 2-இல் போராட்டத்துக்கு நீதிமன்றத் தடை வந்தது, அடுத்த இரண்டு நாளில் சிகாகோவுக்கு ராணுவமும் வந்தது. சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் ஆளுநர் ஆல்ட்கெல்ட் எதிர்த்தும் கேட்கவில்லை.

அப்புறம், எனக்கு மிகவும் கோபம் வரவைத்த இடம் இது. ஜூலையில், வேலையைத் திரும்பக் கொடுத்தால் போராட்டத்தை முடிக்கிறோம் என்று தொழிலாளர்கள் எழுதிய கடிதத்தைச் சிகாகோ மேயரே ஈகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மேலாளர்கள் அதற்குப் பதில் எழுதாமல் மேயருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களுக்காக மேயர் தூது வந்திருக்கவே கூடாது என்றும் சொன்னார்கள்.

நீதிமன்றத் தடையை மீறியதற்காக டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை. பிறகு அரசு அமைத்த விசாரணைக் குழு, இந்த மேலாளர்கள் சங்கம் சட்டம் தராத அதிகாரத்தை மறைமுகமாக எடுத்துக்கொண்டது என்று எழுதியது. ஆனால் அந்த அறிக்கைக்காக மேலாளர்களில் ஒருவர்கூடச் சிறைக்குப் போகவில்லை.