மாதாவின் தபால்காரர்கள்

நடுவர் அவர்களுக்கும் பங்குத்தந்தைக்கும், ஆலய முற்றத்தில் இடம் போதாமல் மதில்மீது ஏறி அமர்ந்திருக்கும் என் மக்களுக்கும் வணக்கம். நடுவரின் கை மணிமீது இருக்கிறது. ஆகவே வாழ்த்துரை இவ்வளவுதான்.

திருச்சபை அங்கீகரிக்காத மாதா காட்சிகளை, அதாவது மாதா தோன்றியதாகச் சிலர் சொல்வதை, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் குழந்தைகளுக்குச் சொல்லலாம் என்பது எங்கள் அணி. சொல்லவே கூடாது என்பது எதிரணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் கராபந்தால், மெட்ஜுகோரே, ஆம்ஸ்டர்டாம் என்று மாதா தோன்றியதாகச் சொல்லப்படும் ஊர்ப்பெயர்களை அடுக்கினார். அதுவரை நான் அமைதியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் பக்கம் கைநீட்டி, “இவர்கள் ஆசிரியர்கள் இல்லை, வாட்ஸ்அப்பில் வருவதை வகுப்பில் பட்டுவாடா செய்யும் மாதாவின் தபால்காரர்கள்” என்றார். உடனே கைதட்டல். யார் யார் தட்டினீர்கள் என்று பார்த்து வைத்திருக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும் அதில் உண்டு!

நான் எழுதிக்கொண்டு வந்த தாளை மடித்து வைத்துவிட்டேன். அந்தத் தபால்காரரைப் பற்றித்தான் இப்போது பேசப் போகிறேன்.

அண்ணனுக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2017 மே 13. போர்ச்சுக்கலின் பாத்திமாவில், மாதாவை அங்கே கண்ட சிறார் பிரான்சிஸ்கோவையும் ஜசிந்தாவையும் புனிதர்களாக அறிவித்துவிட்டுத் திருத்தந்தை பிரான்சிஸ் விமானத்தில் உரோமைக்குத் திரும்புகிறார். மாதா தங்களுக்குத் தோன்றுவதாகச் சில பிள்ளைகள் சொன்ன போஸ்னியா ஊர் மெட்ஜுகோரே பற்றிச் செய்தியாளர்கள் கேட்கிறார்கள். நாள்தோறும் குறித்த நேரத்தில் செய்தி அனுப்பும் தந்தி அலுவலகத் தலைவியாக மாதாவை நான் பார்க்க விரும்பவில்லை, தாயாகவே பார்க்க விரும்புகிறேன் என்ற பொருளில் அவர் பதில் சொல்கிறார். தந்தி அலுவலகத்தை அண்ணன் தபால் நிலையமாக்கி, எங்களை அதில் வேலைக்கும் சேர்த்துவிட்டார்.

ஆனால் அண்ணா, அதே பதிலில் திருத்தந்தை வேறென்ன செய்தார் என்பதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்? அங்கீகாரம் இல்லாததைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள் என்று அவர் சொன்னாரா? இல்லையே! 1981-இல் அந்தப் பிள்ளைகள் கண்டதாகச் சொன்ன தொடக்கக் காட்சிகளை இன்னும் ஆராய வேண்டும் என்றார். இன்றும் தொடர்வதாகச் சொல்லப்படுகிறவற்றில் தமக்கு ஐயம் உண்டு என்றார். அங்கே நடந்த மனமாற்றங்களை மறுக்க முடியாது என்றார். மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னார், அதுவும் பத்திரிகையாளர்களின் ஒலிவாங்கிக்கு முன்னால். அந்தப் பிரித்துச் சொல்லும் வேலையை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எங்களையும் செய்யவிடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இருக்கட்டும். தபால்காரர் என்பது ஏச்சா? உலகம் அறிந்த ஒரு தபால்காரியின் கதையைச் சொல்கிறேன்.

1858 பிப்ரவரி. பிரான்சில் லூர்து. பதினான்கு வயதுப் பெண். ஆஸ்துமாக்காரி. பழைய சிறைச்சாலையின் ஒற்றை அறையில் குடும்பமே வசிக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாது. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குவதற்காக இப்போதுதான் மறைக்கல்விக்கு வந்துகொண்டிருக்கிறாள். நன்றாகக் கவனியுங்கள்: பெர்னதெத் மறைக்கல்வி வகுப்பு மாணவி! மசபியேல் குகையில் ஒரு பெண்மணியைக் கண்டதாக அவள் ஒரு குருவிடம் முதலில் சொன்னதே பாவசங்கீர்த்தனத்தில்தான்.

மார்ச் 2 அன்று அந்தப் பெண்மணி ஒரு செய்தி கொடுக்கிறார். குருக்களிடம் போய்ச் சொல், மக்கள் இங்கே பவனியாக வரவேண்டும், இங்கே ஒரு சிற்றாலயம் கட்ட வேண்டும். இரண்டே வரி. பெர்னதெத் பங்குத்தந்தை பெய்ரமாலின் வீட்டுக்குப் போகிறாள். பெய்ரமால் யார்? ஆள் உயரம், குரல் அதைவிட உயரம். அவரைக் கண்டால் ஊரே நடுங்கும். இந்தச் சிறுமி அவர்முன் நின்று பவனி என்ற சொல்லைச் சொன்னதும் வீடு அதிர்கிறது. என்ன பவனி, எந்தப் பெண்மணி, பெயர் என்ன, நீ பொய் சொல்கிறாய்! இவள் நடுங்கிப்போய் வெளியே வந்துவிட்டாள்.

பாதி வழி வந்த பிறகுதான் நினைவு வருகிறது: சிற்றாலயத்தைச் சொல்ல மறந்துவிட்டேனே!

தாய்மார்களே, உங்கள் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். தலைமையாசிரியர் அறையில் திட்டு வாங்கிக்கொண்டு வந்த பிள்ளை, சொல்ல வந்ததில் பாதி விட்டுப்போயிற்று என்று அதே நாளில் மறுபடியும் அந்த அறைக்குப் போகுமா? கூட வந்த உறவுக்காரப் பெண்ணே இனி என்னால் முடியாது என்று ஒதுங்கிக்கொண்டாள். இவள் விடவில்லை. வேறொரு பெண்ணைப் பிடித்தாள், அவளை அனுப்பி நேரம் கேட்டு வாங்கினாள். மாலை ஏழு மணிக்கு அதே வாசல், அதே பெய்ரமால். இந்தமுறை உதவிக் குருக்களும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் போய் நின்று மீதி வரியையும் சொன்னாள். பவனியும் சொன்னேன், சிற்றாலயமும் சொன்னேன், என் வேலை முடிந்தது என்று நிம்மதியாக வீடு திரும்பினாள்.

பின்வரிசைப் பாட்டிகளுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். காலையில் திட்டு வாங்கினாள். மாலையில் அதே வீட்டுக்குப் போனாள். எதற்கு? விட்டுப்போன ஒரே ஒரு வரிக்காக!

பெய்ரமால் எளிதில் மசியவில்லை. அந்தப் பெண்மணியின் பெயரைக் கேட்டு வா, குளிர்காலத்தில் அங்கே இருக்கும் ரோஜாச் செடியைப் பூக்கச் சொல் என்று அனுப்புகிறார். ரோஜா பூக்கவில்லை. மார்ச் 25-இல் பெயர் வந்தது. அந்தச் சொற்களின் பொருள் பெர்னதெத்துக்குத் தெரியாது. மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஓடுகிறாள். பெய்ரமாலின் வாசலில் மூச்சுவாங்க நின்று, அந்தப் பெண்மணி தம்மை அமல உற்பவம் என்று சொன்னார் என்கிறாள். மாதா பாவக்கறை இல்லாமலே கருவானவர் என்ற அந்த மறைக்கோட்பாடு அறிவிக்கப்பட்டு நான்காண்டுகூட ஆகவில்லை. இந்தச் சிறுமிக்கு அதன் பொருளே தெரியாது. ஊரையே நடுங்க வைத்த அந்த மனிதர் அன்று ஆடிப்போனார்.

பிற்காலத்தில் நம்பாதவர்கள் வந்து வாதாடியபோது பெர்னதெத் என்ன சொன்னாள் தெரியுமா? உங்களிடம் சொல்லும் பொறுப்புத்தான் எனக்குத் தரப்பட்டது, உங்களை நம்பவைக்கும் பொறுப்பு இல்லை என்றாள். அண்ணா, தபால்காரர் பேசும் பேச்சு இது! எங்களை அந்த வரிசையில் நிறுத்தியதற்கு உங்களுக்குக் கைகூப்புகிறேன்.

(கைதட்டலை நிறுத்துங்கள். என் நேரம் போகிறது.)

இப்போது கேட்கிறேன். இந்தக் கதை நடந்துகொண்டிருந்தபோது அங்கீகாரம் எங்கே இருந்தது? லூர்து அடங்கிய தார்பு மறைமாவட்டத்தின் ஆயர் லோரன்ஸ் விசாரணைக் குழு அமைத்தது 1858 ஜூலை 28. தீர்ப்பு எழுதியது 1862 ஜனவரி 18. இடையில் அந்த ஆண்டுகளெல்லாம் லூர்து அங்கீகாரம் இல்லாத காட்சிதான். எதிரணியின் விதிப்படி, அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் ஆசிரியர்கள் அதைப் பற்றி வாயே திறந்திருக்கக் கூடாது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த 1858 ஏப்ரலுக்குப் பிறகு லூர்தில் பெர்னதெத் ஒருத்தி மட்டும் இல்லை. ஆளாளுக்குக் காட்சி கண்டதாகச் சொல்லத் தொடங்கினார்கள். அவர்களில் பள்ளிப் பிள்ளைகள் பலர். குகையில் மெழுகுவர்த்தி, கூச்சல், விசித்திரமான அசைவுகள். பெர்னதெத்தை நம்பத் தொடங்கியிருந்த அதே பெய்ரமால் இவர்களை ஏற்கவில்லை. விசாரித்த ஆயரும் ஏற்கவில்லை. ஒரே ஊர், ஒரே குகை, ஒரே ஆண்டு. ஒன்றை ஏற்றார்கள், மற்றவற்றை ஒதுக்கினார்கள். ஏன்? பெர்னதெத் காசு வாங்கினாளா, சொன்னதை மாற்றினாளா, குருவுக்குக் கீழ்ப்படிந்தாளா, காட்சிக்குப் பின் அவள் வாழ்வு எப்படி இருந்தது? இந்தக் கேள்விகளைத்தான் குழந்தைக்குக் கற்றுத்தர வேண்டும் என்கிறேன். ஒதுக்கப்பட்டவர்களின் கதையைச் சொல்லாமல் இதை எப்படிக் கற்றுத்தருவது?

அங்கீகரிக்கப்பட்டவற்றின் பட்டியலைக் கொடுத்துவிட்டால் போதும் என்றார் அண்ணன். எந்தப் பட்டியல்? ஆம்ஸ்டர்டாமில் மாதா காட்சி தந்ததாகச் சொல்லப்பட்டதை 2002-இல் அந்த ஊர் ஆயர் மேலிருந்து வந்தது என்று அறிவித்தார். 2024 ஜூலையில், அது மேலிருந்து வந்ததல்ல என்று 1974-லேயே எடுத்த முடிவை வத்திக்கான் வெளியிட்டது. இடையில் பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை என்ன செய்யும்? 2024 மே மாதம் வந்த புதிய விதிமுறைகளில் முடிவுகள் ஆறு வகை. அவற்றில் மேலானதே, ‘தடையேதுமில்லை’ என்ற அளவில்தான் நிற்கிறது. இது வானிலிருந்து வந்தது என்று திருச்சபை இனி வழக்கமாக அறிவிக்கப் போவதில்லை. மெட்ஜுகோரேக்கு அதே ஆண்டு செப்டம்பரில் கிடைத்ததும் அந்தத் ‘தடையேதுமில்லை’தான். அங்கீகாரம் வந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தால் பிள்ளைக்குத் தலை நரைத்துவிடும்.

கராபந்தாலையும் சொல்லத்தான் வேண்டும். 1961-இல் அந்த ஸ்பெயின் மலைக்கிராமத்தில் நான்கு சிறுமிகள் மாதாவைக் கண்டதாகச் சொன்னார்கள். மேலிருந்து வந்தது என்று நிறுவப்படவில்லை என்றே அந்தப் பகுதிக்குப் பொறுப்பான சாந்தாந்தேர் ஆயர்கள் சொல்லிவந்தார்கள். அங்கே முன்னறிவிக்கப்பட்ட பெரும் புதுமை நடக்கும் நாளில் பார்வை பெறுவார் என்று சொல்லப்பட்ட அமெரிக்கர் ஒருவர், பார்வை பெறாமலேயே 2014 ஜூன் 18 அன்று இறந்துபோனார். கராபந்தாலில் எல்லாம் தொடங்கியதும் ஒரு ஜூன் 18-தான். கைபேசியில் வரும் காணொளி அவருடைய மரணத்தைச் சொல்லாது. நான் சொல்வேன், அந்த மனிதரின் விசுவாசத்துக்கு மரியாதை குறையாமல் சொல்வேன்.

நடுவர் அவர்களே, மணியைத் தொடாதீர்கள், வேளாங்கண்ணிக்கு வந்துவிட்டேன்!

லூர்துக்கு நடந்ததைப் போலக் குழு அமைத்து, சாட்சிகளை விசாரித்து, ஆயர் தீர்ப்பு எழுதிய வரலாறு வேளாங்கண்ணிக்கு உண்டா? இல்லை. நம் பாட்டிகள் வாய்வழி தந்த வரலாறு அது. குளத்தருகே கையில் குழந்தையோடு வந்த தாய்க்குப் பால் கொடுத்த சிறுவன். நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமான சிறுவன். 1962-இல் அந்த ஆலயம் பேராலயமானது. 2024 ஆகஸ்டில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை தஞ்சை ஆயருக்குக் கடிதம் எழுதி, அங்கே வரும் மக்களின் பக்தியைப் போற்றியது. பிற சமயத்தார் அங்கே வருவதையும் பெருமையாகவே எழுதியது. ஆனால் அந்தக் காட்சிகள் மேலிருந்து வந்தவை என்ற தீர்ப்பு அந்தக் கடிதத்திலும் இல்லை. அண்ணனின் சட்டப்படி நாளையிலிருந்து நம் பிள்ளைகளுக்கு மோர்ப் பையன் கதையைச் சொல்லக் கூடாது! சம்மதமா உங்களுக்கு?

அந்த மோர்ப் பையனிடம் மாதா என்ன கேட்டார்? நாகப்பட்டினத்துக்குப் போய், அங்கிருக்கும் கத்தோலிக்கரிடம் எனக்கு ஒரு சிற்றாலயம் கட்டச் சொல் என்றார். நடக்க முடியாத பையன் எழுந்து ஓடினான். செய்தியை எடுத்துக்கொண்டு நாகப்பட்டினத்துக்கு ஓடினான். அவன் யார் அண்ணா? தபால்காரன்!

இரண்டு நிமிடம் இருக்கிறது. ஒரு பையனைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். பெயர் வேண்டாம், ஆறாம் வகுப்பு. வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகும் அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். கண்ணைப் பார்த்தாலே தூங்கவில்லை என்று தெரிந்தது. யாரோ அனுப்பிய காணொளி ஒன்றைக் காட்டினான். மூன்று நாள் உலகம் இருளப்போகிறது, இதை மாதாவே சொன்னார், மந்திரித்த மெழுகுவர்த்தி மட்டும்தான் எரியும், கதவைத் தட்டுவது பேய், உன் அம்மாவின் குரலில் கூப்பிட்டாலும் திறக்காதே என்று போட்டிருந்தார்கள். அவன் தாய் மருத்துவமனையில் இரவுப்பணி செவிலியர். தந்தை இல்லை. இருள் வரும்போது அம்மா வேலையில் இருந்தால் என்ன செய்வது என்று அந்தப் பிள்ளை இரவெல்லாம் விழித்துக் கிடந்திருக்கிறான். தலையணைக்கு அடியில் மெழுகுவர்த்தி. பள்ளியில் ஒருவரிடம் கேட்டானாம். அங்கீகாரம் இல்லாததைப் பற்றி நாம் பேசக் கூடாது என்று பதில் வந்ததாம்.

என்னிடம் அவன் கேட்டது ஒன்றுதான். “டீச்சர், வெளியே நிற்பது உண்மையிலேயே என் அம்மாவாக இருந்தால்?”

அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். இந்தச் செய்தியைத் திருச்சபை ஏற்கவில்லை என்றேன். உலகம் முடியும் அந்த நாளும் வேளையும் தந்தையைத் தவிர யாருக்கும் தெரியாது என்று இயேசு சொன்ன இடத்தை விவிலியத்தில் எடுத்து அவனையே படிக்கச் சொன்னேன். இப்படித் தனி ஆட்களுக்குக் கிடைத்ததாகச் சொல்லப்படும் தனி வெளிப்பாடு எதுவும் கிறிஸ்துவின் வெளிப்பாட்டைத் திருத்தவோ நிறைவாக்கவோ முடியாது என்று மறைக்கல்வி ஏடு 67-ஆம் எண்ணில் சொல்வதை அவனுக்குப் புரியும்படி சொன்னேன். ஒரு பிள்ளையிடம், உன் அம்மாவுக்குக் கதவைத் திறக்காதே என்று மாதா சொல்வாரா, நீயே யோசித்துப் பார் என்றேன். மாடு கட்டும் இடத்தில் பிள்ளை பெற்றவர் அவர். உன் அம்மா எந்த நேரத்தில் வந்தாலும், எவ்வளவு இருட்டாக இருந்தாலும், ஓடிப்போய்க் கதவைத் திற என்றேன். அழுதான். நானும் அழுதேன்.

எனக்குப் பின் பேசவரும் எதிரணிச் சகோதரியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் அணிக்குத் தீர்ப்பு வந்து, வரும் ஞாயிறு இன்னொரு பிள்ளை இதே கேள்வியோடு என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், நான் அவனிடம் என்ன சொல்ல வேண்டும்? மற்ற வாதங்களைத் தொடங்கும் முன் அதைச் சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.