எட்டு மாவட்டங்களுக்கு ஒரே காற்று

நேயர்களுக்கு வணக்கம்.

காற்று மாசைப் பற்றிப் பேசக் கூப்பிட்டால் பெரும்பாலும் டெல்லியிலிருந்துதான் ஆரம்பிப்போம். இன்று கொஞ்சம் தள்ளிப் போய், கலிபோர்னியாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஹாலிவுட்டும் கணினி நிறுவனங்களும் இருக்கிற கலிபோர்னியா இல்லை. அந்த மாநிலத்தின் நடுவே, வடக்கில் ஸ்டாக்டன் முதல் தெற்கில் பேக்கர்ஸ்ஃபீல்டு வரை ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு. சுத்தமான விவசாய பூமி. பாதாம், பிஸ்தா, திராட்சை, தக்காளி, பால் எல்லாம் அங்கே ஏராளம். நம் ஊர்க் கடையில் 'கலிபோர்னியா பாதாம்' என்று விற்கிற பாக்கெட்டில் பெரும்பகுதி அங்கே விளைந்ததுதான். சுமார் 40 லட்சம் பேர் வாழ்கிறார்கள். அப்புறம், அமெரிக்காவில் நுண்துகள் மாசு அதிகமுள்ள ஊர்கள் என்று எந்தப் பட்டியல் வந்தாலும் பேக்கர்ஸ்ஃபீல்டும் ஃபிரெஸ்னோவும் அதில் முன்வரிசையில் இருக்கும்.

தோட்டமும் மாட்டுப் பண்ணையுமாக இருக்கிற இடத்தில் காற்று ஏன் இப்படி? முதல் காரணம் நில அமைப்பு. மேற்கே கடலோர மலைகள், கிழக்கே சியரா நெவாடா, தெற்கே டெஹாச்சப்பி மலை. குளிர்காலத்தில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று தங்கிவிடும்; அதன் மேல் வெதுவெதுப்பான காற்று வந்து படியும். மூடி போட்ட இட்லிக் கொப்பரைதான். உள்ளே எழுகிற ஆவி எங்கும் போகாது. அங்கே 'டூலி' மூடுபனி என்று ஒன்று உண்டு. ஒரு முறை இறங்கினால் சில சமயம் நாள்கணக்கில் விலகாது.

இரண்டாவது காரணம் வேதியியல். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் திட்டம் போடுவதன் சூட்சுமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. பி.எம். 2.5 என்றால் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவான விட்டமும் உள்ள துகள். அது புகைக்கூண்டிலிருந்து கரியாக வெளியே வருவது என்று நினைக்கிறோம். அப்படி நேரடியாக வருவதும் உண்டு. ஆனால் இந்தப் பள்ளத்தாக்கின் குளிர்காலத்தில் பெரும்பங்கு, எந்தப் புகைக்கூண்டிலிருந்தும் வராமல், காற்றிலேயே உருவாகிற துகள். லாரியும் டிராக்டரும் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கக்குகின்றன. இரவில் அது நைட்ரிக் அமிலமாக மாறுகிறது. மாட்டுச் சாணத்திலிருந்து அம்மோனியா எழுகிறது; டூலேரி மாவட்டத்தில் மட்டும் அமெரிக்காவிலேயே அதிகப் பால் கறக்கிறார்கள் என்றால் அம்மோனியாவுக்குப் பஞ்சம் இருக்காது. இரண்டும் சேர்ந்தால் அம்மோனியம் நைட்ரேட். வெயில் காலத்தில் இது ஆவியாகிக் கலைந்துவிடும். குளிரும் ஈரமும் இருந்தால் துகளாகவே தங்கும்.

ஆக, ஃபிரெஸ்னோவில் ஒரு குழந்தை சுவாசிக்கும் துகளில் நெடுஞ்சாலை 99இல் போன லாரியும், எங்கோ இருக்கும் பண்ணையும் பங்காளிகள். எந்த ஊர் நிர்வாகம் தன் எல்லைக்குள் எவ்வளவு பெருக்கித் துடைத்தாலும் இது குறையாது.

இதை உணர்ந்துதான் 1991இல் அங்கே எட்டு மாவட்டங்களைச் சேர்த்து ஒரே காற்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்தார்கள். சான் வாக்கீன், ஸ்டானிஸ்லாஸ், மெர்செட், மடேரா, ஃபிரெஸ்னோ, கிங்ஸ், டூலேரி, அப்புறம் கெர்ன் மாவட்டத்தில் பள்ளத்தாக்குக்குள் வரும் பகுதி மட்டும். கெர்னைப் பாதியில் வெட்டியதைக் கவனியுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள பாலைவனப் பகுதிக்கு வேறு காற்று, அதனால் வேறு வாரியம். வரைபடத்தில் பழைய கோடு இருக்கிறதே என்று பார்க்கவில்லை. வாரியத்தின் ஆட்சிக்குழுவில் 15 பேர். எட்டு மாவட்டங்களுக்கு ஒவ்வொருவர், நகரங்களின் சார்பில் ஐந்து பேர், ஆளுநர் நியமிக்கும் ஒரு மருத்துவர், ஒரு விஞ்ஞானி. கடைசி இருவரையும் பின்னாளில் சட்டம் போட்டுச் சேர்த்தார்கள். நல்ல காரியம்.

சரி, இவர்கள் எட்ட வேண்டிய அளவு என்ன? அதை நிர்ணயிப்பது மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமை. 1993இல் வெளியான ஆறு நகரங்களின் ஆய்வு என்ற புகழ்பெற்ற ஹார்வர்டு ஆராய்ச்சி, நுண்துகள் அதிகமான ஊரில் மரண விகிதமும் அதிகம் என்று காட்டியது. காற்று மிக அழுக்கான ஊருக்கும் மிகச் சுத்தமான ஊருக்கும் இடையே 26 சதவீத வித்தியாசம். தொழில்துறை கடுமையாக எதிர்த்தும், 1997இல் பி.எம். 2.5க்கு முதல் தடவையாக வரம்பு வந்தது. கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரி 15 மைக்ரோகிராம், ஒரு நாளுக்கு 65. லாரி முதலாளிகள் சங்கம் வழக்குப் போட்டது. 2001இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது. வரம்பை நிர்ணயிக்கும்போது மனித ஆரோக்கியத்தை மட்டும் பார். எவ்வளவு செலவாகும் என்று பார்க்காதே. செலவுக் கணக்கு வரவேண்டிய இடம் அடுத்த கட்டம், அதாவது அந்த வரம்பை எப்படி எட்டுவது என்று பிராந்தியம் எழுதும் திட்டம். இந்த இரண்டையும் பிரித்து வைத்தது பெரிய புத்திசாலித்தனம். பிரிக்காவிட்டால் பணம் இல்லை என்று சொல்லியே நுரையீரலுக்கு எது நல்லது என்பதையும் பேரம் பேசிவிடுவார்கள்.

திட்டத்துக்குக் கெடுவும் உண்டு, தண்டனையும் உண்டு. சரியான திட்டத்தைத் தராத பகுதியில் புதுத் தொழிற்சாலை வர வேண்டுமென்றால், அது வெளியிடப்போகும் மாசைப் போல இரண்டு மடங்கை வேறெங்காவது குறைத்துக் காட்ட வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் நெடுஞ்சாலைக்கு வரும் மத்திய அரசுப் பணம் நிற்கும். வரம்பைத் தவறவிட்டால் ஆண்டுக்கு 5 சதவீதமாவது குறைத்துக்கொண்டே போக வேண்டும் என்கிறது சட்டம். சாலைத் திட்டங்களும் இதற்குள் கட்டுப்பட்டவை. எட்டு மாவட்டங்களிலும் தனித்தனிப் போக்குவரத்துத் திட்ட அமைப்புகள் உண்டு. அவர்கள் போடும் புதுச் சாலையில் ஓடப்போகும் வண்டிகளின் புகை, காற்றுத் திட்டத்தில் ஒதுக்கிய அளவைத் தாண்டக் கூடாது.

இவ்வளவு பக்காவான ஏற்பாடு இருந்தும் பள்ளத்தாக்கு கெடுவைத் தவறவிட்டது. ஒரு முறை இல்லை, பல முறை. 1997ஆம் ஆண்டின் 15ஐ எட்டவே இரண்டு தசாப்தங்களுக்கு மேல் இழுத்தது. இதற்கிடையில் 2006இல் ஒருநாள் வரம்பு 35 ஆனது. 2012இல் ஆண்டு வரம்பு 12, 2024 பிப்ரவரியில் 9. ஒரே காற்றுக்கு நான்கு வெவ்வேறு ஆண்டுகளின் வரம்பு, ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம். வெளியூர்க்காரருக்கு இது கேலிக்கூத்தாகத் தோன்றலாம். ஆனால் காற்று மோசமாகவே நின்றுவிடவில்லை. எட்டிப்பிடிக்கும் முன்பே கோடும் நகர்ந்துகொண்டிருந்தது.

தவறியதற்கு முக்கியக் காரணம் அதிகாரப் பங்கீடு. வாரியமே சொல்லும் கணக்குப்படி நைட்ரஜன் ஆக்சைடுகளில் சுமார் 85 சதவீதம் லாரி, டிராக்டர், ரயில் என்று நகரும் இயந்திரங்களிலிருந்து வருகிறது. அவற்றின் மேல் வாரியத்துக்கு நேரடி அதிகாரம் இல்லை. லாரிக்குச் சட்டம் போடுவது மாநிலக் காற்று வாரியம். ரயில் இஞ்சின் வாஷிங்டன் கையில். பள்ளத்தாக்கின் வாரியம் ஆள்வது தொழிற்சாலை, பண்ணை, வீட்டு அடுப்பு ஆகியவற்றைத்தான்.

ஆனால் அந்தச் சின்னப் பங்கிலேயே செய்த இரண்டு காரியங்களை அவசியம் சொல்ல வேண்டும். ஒன்று, வீட்டுக் கணப்பு. குளிர்காலத்தில் விறகு எரிப்பது அங்கே ஒரு குடும்ப சுகம். 2003லிருந்து, காற்று மோசமான நாளில் விறகு எரிக்கக் கூடாது என்று கட்டாயத் தடை வந்தது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை தினமும் அறிவிப்பு வரும். மாசு அதிகமுள்ள மடேரா, ஃபிரெஸ்னோ, கெர்ன் மூன்றிலும் 2019லிருந்து, மறுநாள் அளவு 12ஐத் தாண்டும் என்று கணித்தாலே சாதாரணக் கணப்பில் தீ மூட்ட முடியாது. பதிவு செய்த நவீன அடுப்புக்கு 35 வரை அனுமதி. எரிவாயு இணைப்பே இல்லாத வீட்டுக்கும், விறகைத் தவிர வேறு சூடேற்றும் வழியற்ற குடும்பத்துக்கும் விலக்கு. ஏழை வீட்டில் குளிரில் நடுங்கச் சொல்லாமல் விதி எழுதத் தெரிந்திருக்கிறது. விறகுப் புகை நேரடித் துகள் என்பதால் தடை போட்ட அன்றே பலன் தெரியும். செலவும் குறைவு. மொத்தத் திட்டத்திலும் இதற்கு இணையான லாபக் கணக்கு இல்லை என்பது என் கருத்து.

இன்னொன்று, தோட்டக் கழிவை எரிப்பது. பாதாம் மரம் கால் நூற்றாண்டு காய்த்தபின் வேரோடு பிடுங்குவார்கள். ஏக்கர் கணக்கில் குவித்து நெருப்பு வைப்பதுதான் வழக்கம். 2003இல் மாநிலச் சட்டமன்றம் இதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. வாரியமோ மாற்றுவழிக்குச் செலவாகும் என்று கெடுவைத் தள்ளிக்கொண்டே போனது. கழிவை வாங்கி மின்சாரம் தயாரித்த ஆலைகள் வேறு மூடிக்கொண்டன. கடைசியில் 2021இல் மாநிலக் காற்று வாரியம் 2025 தொடக்கத்தைக் கெடுவாக வைத்து, ஏறக்குறைய எல்லா எரிப்பையும் நிறுத்தச் சொன்னது. கூடவே அரசு மானியமும் வந்தது. இப்போது மரத்தை அப்படியே அரைத்து அதே மண்ணில் கலக்கிறார்கள். திராட்சைத் தோட்டம்தான் தகராறு. கொடியோடு கம்பி பின்னிக் கிடக்கும். அரவை இயந்திரத்தில் போட முடியாது. கம்பியை உருவக் கூலி வேண்டும். பஞ்சாபில் வைக்கோல் எரிப்பைப் பற்றி ஆத்திரப்படுகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். பணக்கார நாட்டில், சட்டம் போட்ட பிறகும், மாற்றுவழிக்குப் பணம் வரும்வரை நெருப்பு அணையவில்லை.

லாரிக்கு வருவோம். 2023லிருந்து கலிபோர்னியாவில் 2010க்கு முந்தைய இஞ்சின் உள்ள கனரக லாரி ஓட முடியாது. பதிவே செய்ய மாட்டார்கள். பள்ளத்தாக்கு அடுத்துக் குறிவைப்பது 2012ஆம் ஆண்டின் வரம்பான 12ஐ, 2030 முடிவதற்குள். அதற்கு மேல் 9 காத்திருக்கிறது. மாசு குறைந்த லாரிகளைக் கட்டாயமாக்கும் மாநில விதிகளை நம்பித்தான் அங்கே யாரும் அவ்வளவு தூரம் யோசிக்க முடிந்தது. 2025 மே மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் அந்த விதிகளுக்கான மத்திய அனுமதியை ரத்து செய்தது, ஜூனில் அதிபரும் கையெழுத்திட்டார். கலிபோர்னியா அதே நாளில் வழக்குப் போட்டது. எட்டு மாவட்டங்களின் காற்று இப்போது நீதிமன்றத்தில் நிற்கிறது.

நம் பக்கம் பார்ப்போம். இந்தியாவின் ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம். 2009இல் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 5. ஆனால் எண்ணைவிட என்னை உறுத்துவது வேறு. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரம் நகரமாக வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. முன்னேற்றத்தை அளப்பதும் பி.எம். 10 எனும் பெரிய தூசியை வைத்துத்தான். அதனால் பணத்தில் பெரும்பங்கு சாலை பெருக்கும் இயந்திரத்துக்கும் தண்ணீர் தெளிக்கும் லாரிக்கும் போனது. தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். அனல்மின் நிலையம் விடும் கந்தகத்திலிருந்து காற்றிலேயே உருவாகும் சல்பேட் துகளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. டெல்லிக்கும் சுற்றியுள்ள மாநிலப் பகுதிகளுக்கும் மட்டும் 2021இல் சட்டம் இயற்றி ஒரே ஆணையம் அமைத்தார்கள். எல்லை தாண்டி உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இருக்கிறது. ஆனால் இத்தனை ஆண்டுக்குள் 40ஐ எட்டாவிட்டால் இன்னது நடக்கும் என்ற கெடு இல்லை.

சென்னைக்கு அப்படி ஓர் ஆணையமும் இல்லை. வல்லூர், வடசென்னை அனல்மின் நிலையங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கின்றன. அவற்றின் கந்தக டை ஆக்சைடு மாநகராட்சி எல்லையைக் கேட்டுவிட்டு வருவதில்லை. வழியிலேயே அம்மோனியாவோடு சேர்ந்து துகளாகிறது. இந்தக் கந்தகத்துக்கு 2015இல் வரம்பு போட்டார்கள், கெடுவைத் திரும்பத் திரும்பத் தள்ளினார்கள். 2025 ஜூலையில், நாட்டிலுள்ள அனல்மின் அலகுகளில் முக்கால்வாசிக்கும் மேல் கந்தகம் நீக்கும் கருவி பொருத்துவதிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள்.

தேசியத் திட்டத்தின் இலக்குக் காலம் 2025-26 வரை. அடுத்ததை எழுதும்போது மூன்று விஷயம் கேட்கலாம் என்று நினைக்கிறேன். அளவுகோல் பி.எம். 2.5 ஆக இருக்கட்டும். சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு நான்குக்கும் சேர்த்து ஒரே திட்டம், அதை நடத்த ஒரே அமைப்பு இருக்கட்டும். அந்த அமைப்புக்கு அனல்மின் நிலையத்தின் புகைக்கூண்டு மேலும் அதிகாரம் கொடுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கெடுவுக்கும் அவர்களால் பதில் சொல்ல முடியாது.

நன்றி. வணக்கம்.